கரையேறும் இடம்: மால்டாவில் கைட்சர்ஃபிங் களம் தேர்வது குறித்து

மால்டாவின் லூகா விமான நிலையத்தில் முதன்மை ஓடுபாதையை வடமேற்கு – தென்கிழக்காகப் போட்டிருக்கிறார்கள். நீளம் 3,544 மீட்டர். விமானம் காற்றை எதிர்கொண்டுதான் ஏறும், இறங்கும். ஆகவே ஓடுபாதை கிடக்கும் கிடையைப் பார்த்தாலே அந்த ஊரில் எந்தக் காற்று அதிகம் என்று சொல்லிவிடலாம். மால்டாவில் அது வடமேற்குக் காற்று. உள்ளூரில் மயிஸ்த்ரால் என்பார்கள். கைட்சர்ஃபிங் பட்டத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு இந்தத் தீவுக்குப் போகிறவருக்குத் தரையிறங்கும்போதே பாதி விடை கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதிதான் சிக்கல். அந்தக் காற்று வந்து மோதும் மேற்குக் கரையில் பெரும்பகுதி செங்குத்துப் பாறை.

முதன்மைத் தீவின் நீளம் 27 கிலோமீட்டர், அகலம் 14.5 கிலோமீட்டர், பரப்பு 246 சதுர கிலோமீட்டர். கோசோ, கொமினோ தீவுகளையும் சேர்த்தால் 316. போக்குவரத்து நெரிசல் இல்லையென்றால் காரில் ஒரு மணி நேரத்துக்குள் எந்த முனைக்கும் போய்விடலாம். இதை வைத்துத்தான் ஒரு வாதம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: சின்னத் தீவு, சுற்றிலும் கடல், எந்தத் திசையில் காற்று அடித்தாலும் அதற்குத் தோதாக ஒரு கரை இருந்தே தீரும். வரைபடத்தில் பார்த்தால் இது சரி. கரையில் போய் நின்று பார்த்தால் பாதிக்கு மேல் பொய்த்துப் போகிறது. ஏன் என்று பார்ப்பதற்கு முன், இந்த விளையாட்டு கரையிடம் என்ன கேட்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

காலில் ஒரு பலகை. இடுப்பில் ஹார்னஸ். அதில் கோத்த கைப்பிடியிலிருந்து 20 முதல் 25 மீட்டர் நீளத்தில் நான்கைந்து கயிறுகள். கயிற்றின் முனையில், முன்விளிம்புக் குழாயில் காற்றடித்து நிறுத்திய பிறைவடிவப் பட்டம். எழுபது எழுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் 15 நாட் காற்றுக்கு 12 சதுர மீட்டர் பட்டமும் 25 நாட் காற்றுக்கு 7 சதுர மீட்டர் பட்டமும் எடுப்பது பொதுவான கணக்கு. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். காற்று 15-லிருந்து 20 நாட்டுக்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். இழுப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடியிருக்கும். சராசரி 20 நாட் என்று நம்பி இறங்கியவரை 30 நாட் வீச்சு ஒன்று தாக்கினால் இழுப்பு இரண்டே கால் மடங்கு. அதனால் இந்த விளையாட்டில் பலத்த காற்றைவிடச் சீரற்ற காற்றுதான் ஆளை அடிக்கிறது. பட்டத்தை விரிக்க, கயிற்றை நீட்ட, ஏற்ற, இறக்க முப்பது மீட்டருக்குக் குறையாத வெற்றிடம் வேண்டும். அந்த இடத்துக்குக் காற்று எதிலும் மோதாமல் வர வேண்டும். இவ்வளவும் அமைந்தால் ஓட்டலாம். ஓட்டம் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. பாறைத் தீவில் அதுதான் முதல் கேள்வி என்பது என் கட்சி.

களத்தைத் தேர்வது பற்றி இதுவரை மூன்று வகையான யோசனைகள் உலவுகின்றன. முதலாவது திசை அட்டவணை: இந்தக் காற்றுக்கு இந்தக் கரை, அந்தக் காற்றுக்கு அந்தக் கரை. இரண்டாவது, கைப்பேசியில் வரும் காற்று முன்னறிவிப்பு. மூன்றாவது, உள்ளூர்க்காரர்களைக் கேட்பது. மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றும் தனித்தனியே எங்கே சறுக்குகின்றன என்பதைத் தீவின் பாறைதான் சொல்லும்.

மால்டா முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அடியில் கெட்டியான பவளச் சுண்ணாம்பு, அதன்மேல் வீடு கட்ட வெட்டியெடுக்கும் மஞ்சள் கல், அதன்மேல் நீலக் களிமண், உச்சியில் மறுபடியும் பவளச் சுண்ணாம்பு. இந்த அடுக்குகள் சற்றே வடகிழக்கு நோக்கிச் சரிந்திருக்கின்றன. அதனால் தென்மேற்கு விளிம்பு தூக்கலாக நிற்கிறது. டிங்லி பக்கத்தில் நிலம் 253 மீட்டர் உயரம். நாட்டிலேயே மிக உயர்ந்த புள்ளி அதுதான். அங்கிருந்து கடலுக்கு நேர்ச்சரிவு. வடகிழக்கு விளிம்போ தணிந்து கடலுக்குள் இறங்குகிறது. வலெட்டாவின் துறைமுகங்கள், விரிகுடாக்கள், ஊர்கள் எல்லாம் அந்தப் பக்கம் அமைந்ததற்குக் காரணம் இதுவே. ஆக, எட்டுத் திசைக் காற்றில் தெற்கும் தென்மேற்கும் கணக்கிலிருந்து ஏறக்குறையக் கழிந்துவிடுகின்றன. ல்பீச் என்னும் தென்மேற்குக் காற்று எவ்வளவு அருமையாக அடித்தாலும், அது வந்து சேரும் இடம் சுவர். சுவரின் அடியில் காற்று செத்துக் கிடக்கும், முகத்தில் மேலெழும்பும், விளிம்பைத் தாண்டியதும் சுழன்று விழும். இருபது மீட்டர் கயிற்றோடு அங்கே யாருக்கும் வேலையில்லை.

வடக்குப் பக்கம் வேறு கதை. பெரும் பிளவு ஒன்று தீவைக் குறுக்கே வெட்டுகிறது. அதன் மேலேதான் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விக்டோரியா அரண்வரிசையைக் கட்டினார்கள். அந்தப் பிளவுக்கு வடக்கே நிலம் மேடும் பள்ளமுமாக வரிசை கட்டி நிற்கிறது: மர்ஃபா மேடு, மெல்லீஹா மேடு, பாய்தா மேடு, வர்தீயா மேடு, இடையிடையே பள்ளத்தாக்குகள். எல்லாம் மேற்குத் தென்மேற்கிலிருந்து கிழக்கு வடகிழக்காக ஓடுகின்றன. பள்ளத்தாக்குகள் கடலைத் தொடும் இடங்களில் விரிகுடாக்கள். இப்போது ஓடுபாதையை நினைத்துக்கொள்ளுங்கள். மயிஸ்த்ரால் வருவது வடமேற்கிலிருந்து. மேடுகள் அதற்குக் குறுக்கே கிடக்கின்றன. நாட்டின் முக்கியமான காற்று, நாட்டின் நல்ல விரிகுடாக்களுக்குள் நுழையும் முன் ஒவ்வொரு மேட்டிலும் இடறி விழுந்துதான் வர வேண்டும். ஒரு தடையின் காற்றுமறைவில் கலக்கம் அதன் உயரத்தைப்போல் பத்து மடங்குத் தொலைவுக்கும் நீளலாம். நூறு மீட்டர் அளவு உயரமுள்ள மேடென்றால் ஒரு கிலோமீட்டர். விரிகுடாவின் அகலமே பெரும்பாலும் அவ்வளவுதான்.

முன்னறிவிப்புச் செயலிகள் தோற்பதும் இந்த இடத்தில்தான். பரவலாகப் பயன்படும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாதிரி, தன் கணிப்பைச் சுமார் 25 கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்துத் தருகிறது. முதன்மைத் தீவு ஏறக்குறைய ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும். அந்தச் சதுரத்திலும் பாதிக்கு மேல் கடல். ஐரோப்பிய மையத்தின் மாதிரி 9 கிலோமீட்டர் அளவில் பார்க்கிறது. அதற்கும் மர்ஃபா மேடு கண்ணில் படாது. செயலி சொல்லும் 18 நாட் என்பது நடுக்கடலில் 18 நாட். அது கரைக்கு வரும்போது என்னவாகும் என்பது அதன் பொறுப்பில் இல்லை. விமான நிலையத்தின் அளவீட்டை நேரடியாகப் பார்க்கிறவர்களும் உண்டு. அந்த மானி தீவின் உட்புறத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போக்கு தெரியும், கரையின் அளவு தெரியாது. செயலியைத் திசைக்கும் நேரத்துக்கும் நம்பலாம். வீச்சுக்கு நம்பக்கூடாது.

இனி இடங்கள்.

மெல்லீஹா விரிகுடாவின் அதீரா கடற்கரை நாட்டிலேயே நீளமான மணற்கரை, சுமார் 800 மீட்டர். நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர், அடியில் மணல். கற்றுக்கொள்ள வருகிறவரை எல்லோரும் முதலில் இங்கேதான் அனுப்புகிறார்கள். ஆனால் அதீரா நல்ல இடமா என்ற கேள்விக்கு, எந்தக் காற்றில் என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. விரிகுடா கிழக்கு வடகிழக்காக வாய் திறந்திருக்கிறது. க்ரிகால் என்னும் வடகிழக்கு, லவாந்த் என்னும் கிழக்கு ஆகியவை நேரே உள்ளே வரும். கடல் மேல் வருவதால் சீராக இருக்கும். கயிறு அறுந்தாலும் பட்டம் விழுந்தாலும் அலை ஆளைக் கொண்டுபோய் மணலில் போட்டுவிடும். இதைவிடப் பாதுகாப்பான அமைப்பு தீவில் வேறெங்கும் இல்லை.

அதே கரையில் மேற்குக் காற்று அடிக்கும் நாளைப் பாருங்கள். அதீராவுக்குப் பின்னால் தீவு ஒடுங்கிவிடுகிறது. மறுபக்கத்து ஆங்கர் பே வரை நிலம் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுதான். 1980இல் வந்த பாப்பாய் படத்துக்காகப் போட்ட மரவீட்டுச் செட் இன்றும் நிற்கிறதே, அந்த இடம். மேற்குக் காற்று அங்கே நுழைந்து, இரண்டு மேடுகளுக்கு நடுவே குழாய்க்குள் போவதுபோல் வேகம் பிடித்து, அதீரா மணலைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். கரையில் நிற்பவருக்கு ஆசை காட்டும். பட்டம் விழுந்தால் ஆள் போகும் திசை திறந்த கடல். விழுந்த பட்டத்தோடு மணிக்கு இரண்டு கடல்மைல் மிதந்தால்கூட ஒரு மணி நேரத்தில் கரை 3.7 கிலோமீட்டர் பின்னால் போய்விடும். திசை அட்டவணைகளில் சில இதையும் ஓட்டத்தக்க காற்று என்று குறிக்கின்றன. துணைக்கு மோட்டார்ப் படகு இல்லாதவர்களைப் பொறுத்தவரை அந்தக் குறிப்பை அடித்துவிட வேண்டும்.

மூன்றாவது நிலை மயிஸ்த்ரால். நாட்டில் அதிகம் அடிக்கும் காற்று, நாட்டின் பெரிய மணற்கரையில் மர்ஃபா மேட்டின் மறைவுக்குள் வருகிறது. வடகரையோரம் பட்டம் ஒரு நிமிடம் தொங்கும், மறுநிமிடம் பிய்த்துக்கொண்டு போகும். தெற்கே தள்ளிப் போகப் போகக் கொஞ்சம் தேறும். அங்கும் காற்று கரையிலிருந்து கடலுக்குச் சாய்ந்தே போகிறது. முதல்முறை வருகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த நாளில்தான்: நல்ல வெயில், செயலியில் 20 நாட், கண்ணெதிரே பரந்த மணல், ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவர்கூடக் கரையில் இல்லை. ஆள் இல்லாத கரையையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

அவர்கள் எங்கே போயிருப்பார்கள்? பஹர் இச்சாக் பக்கம். செயின்ட் ஜூலியன்ஸுக்கும் சலீனாவுக்கும் நடுவே கடலோரச் சாலையை ஒட்டிய தாழ்ந்த பாறைக்கரை. கரைக்கோடு வடமேற்கு – தென்கிழக்காக ஓடுகிறது, ஓடுபாதையைப் போலவே. மயிஸ்த்ரால் இங்கே கரைக்கு இணையாக, கடல் மேலேயே வருகிறது. அலையும் உண்டு, சீரும் உண்டு. குறை, மணல் இல்லை என்பது. கிட்டப்போய்ப் பார்த்தால் அந்தப் பாறை தேன்கூடு போல் அரித்திருக்கிறது. உப்புநீர் தங்கிக் காய்ந்து காய்ந்து ஒவ்வொரு குழியின் விளிம்பும் ரம்பமாகியிருக்கிறது. நீட்டிவைத்த கயிறு ஒரு முள்ளில் மாட்டினால் பட்டம் ஏறும் கணத்தில் ஒரு பக்கம் மட்டும் இழுத்துச் சுழன்று விழும். முன்விளிம்பை அந்தக் கல்லில் ஒரு முழம் இழுத்தால் துணி கிழிந்து உள்குழாய் ஓட்டை. அதனால் அங்கே பட்டத்தைத் தரையில் தேய்க்காமல் இருவர் தூக்கியே நடத்துகிறார்கள். கயிற்றைக் கடைசி நேரத்தில்தான் நீட்டுகிறார்கள். தண்ணீரில் இறங்குமுன் காலணி கட்டாயம். பாறையிடுக்கில் கடல் முள்ளெலி இருக்கும். வெறுங்காலில் மிதித்தவர் அன்றைக்கு மீண்டும் இறங்கமாட்டார்.

இங்கே காற்றின் திசை சில பாகை மாறினாலே கதை மாறும். வடக்கே சற்றுத் திரும்பினால் ஆளைக் கல்லோடு அழுத்தும். மேற்கே திரும்பினால் கடலுக்குள் தள்ளும். நேராக அடித்தால், சிக்கலில் மாட்டியவர் கரையை ஒட்டியே தென்கிழக்காக மிதந்துபோவார். அந்த வழியில் பெம்ப்ரோக்கின் தாழ்ந்த பாறைத்திட்டுகள் வருகின்றன. அதற்கப்புறம் செயின்ட் ஜார்ஜ் விரிகுடாவின் சின்ன மணல். தேர்ந்தவர்கள் இறங்குமுன் இந்த வரிசையை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள்: இங்கே விட்டால் அங்கே, அதையும் விட்டால் அதற்கப்பால். அழகில் அதீராவுக்குக் கால்தூசி பெறாத இந்த இடத்தை மயிஸ்த்ராலுக்கான முதல் இடமாக நான் வைப்பது இதனால்தான்.

இந்த வரிசையை வேறொரு கூட்டம் நானூறு ஆண்டுக்கு முன்பே போட்டுவைத்திருக்கிறது. மால்டாவை ஆண்ட செயின்ட் ஜான் படையணியினர், கடற்கொள்ளையரும் துருக்கியரும் எங்கே கரையேறுவார்கள் என்று பார்த்துப் பார்த்துக் காவல்கோபுரம் கட்டினார்கள். அய்ன் துஃபீஹா கோபுரம் 1637. மெல்லீஹாவுக்கு மேலே மர்ஃபா மேட்டில் நிற்கும் செங்கோபுரம் 1649இல் முடிந்தது. மார்ட்டின் டி ரெடின் என்ற தலைவர் 1658–59இல் பதின்மூன்று கோபுரங்களை எழுப்பினார். பஹர் இச்சாக்கை அடுத்த காலத் மார்க்கு கோபுரமும் அல்லீஸ் கோபுரமும் அவற்றில் சேர்ந்தவை. தெற்கே செயின்ட் தாமஸ் விரிகுடாவுக்கு 1614லேயே கோட்டைபோல் ஒரு கோபுரம். டிங்லி பக்கத்துச் செங்குத்துக் கரையில் இப்படிக் கட்டவேண்டிய அவசியம் குறைவு; அங்கே பாறையே காவல். படகில் வருகிறவன் உயிரோடு கரையேறக்கூடிய இடம் எது என்று படையணியினர் கேட்ட கேள்விதான் பட்டம் விழுந்து மிதப்பவனின் கேள்வியும். கோபுரங்களின் வரைபடத்தைத் திசை அட்டவணையின் மேல் போட்டுப் பார்த்தால், எந்த அட்டவணையும் தராத ஒரு தகவல் கிடைக்கிறது: காற்று எங்கே இழுத்துப் போனாலும் அடுத்த கரையேற்றம் எவ்வளவு தூரத்தில் என்பது.

கோசோவின் ரம்லா விரிகுடாவில் இது இன்னும் விசித்திரம். செம்மணல் கரை, வடக்குப் பார்த்த வாய். மயிஸ்த்ரால் பக்கவாட்டில் சாய்ந்து கரைக்கு வரும். பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதிரிப் படகுகள் மணலைத் தொடக்கூடாதென்று படையணியினர் 18ஆம் நூற்றாண்டில் விரிகுடாவுக்குக் குறுக்கே தண்ணீருக்கடியில் ஒரு சுவரையே எழுப்பிவிட்டார்கள். அதன் எச்சம் இன்னும் கிடக்கிறது. படகுக்கு வைத்த பொறி பலகைக்கும் பொறிதான். எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் என்று தெரிந்தவர் ஒருவரோடு முதல்முறை போவது நல்லது.

மேற்குக் கரையின் மூன்று மணல் விரிகுடாக்களான கோல்டன் பே, அய்ன் துஃபீஹா, ஜ்னெய்னா ஆகியவற்றைப் பற்றிப் அலைச்சறுக்குக்காரர்கள் மெச்சிப் பேசுவார்கள். மயிஸ்த்ரால் நேரே உள்ளே வரும், அலை உயரும், படமெடுக்க நன்றாயிருக்கும். எனக்கு உடன்பாடில்லை. கரை குறுகலானது, இரண்டு பக்கமும் பாறைமுனை, பின்னால் களிமண் சரிவும் செங்குத்தும். காற்று ஆளை நேரே கரைக்குத் தள்ளும்போது தப்பிப் பிரிய இடம் இல்லை. போதாக்குறைக்குக் கரையிலிருந்து கடலுக்கு இழுக்கும் நீரோட்டம். நீந்துபவர்களையே அது பலமுறை கொண்டுபோயிருக்கிறது. அலையில் ஓட்டத் தேர்ந்தவர்கள் வசந்தகாலத்தில் ஆளில்லாத நாள் பார்த்துப் போகட்டும். மற்றவர்களுக்கு இது பார்த்து ரசிக்கும் இடம்.

வடமுனையில் அர்மியெர் விரிகுடா வடக்குப் பார்த்தது. மயிஸ்த்ராலுக்கும் த்ரமுன்தானா என்னும் வாடைக்கும் பொருந்தும். மேடு பின்னால் போய்விடுவதால் காற்று சுத்தம். கொமினோ வாய்க்காலில் நீரோட்டம் இருப்பதும், அஹ்ராஷ் முனையைத் தாண்டினால் கரை திடீரென்று உயர்ந்துவிடுவதும் கவனிக்க வேண்டியவை. தென்கிழக்கில் செயின்ட் தாமஸ் விரிகுடா கிழக்குக் காற்றுக்கு ஆகும். ப்ரிட்டி பே பெயருக்கேற்ற மணல்தான். எதிரே சரக்குப் பெட்டகத் துறைமுகம், பெருங்கப்பல்களின் வழி. அதைப் பட்டியலில் சேர்ப்பவர்கள் கப்பல் மாலுமியின் பக்கம் நின்று ஒருமுறை யோசிக்கலாம்.

காற்றுக்கு எட்டுத் திசையிலும் மால்டாக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நம் கரையோர மக்கள் வைத்திருப்பதைப் போல. ஒவ்வொன்றுக்கும் குணம் உண்டு. ஷ்லோக் என்னும் தென்கிழக்குக் காற்று சகாராவிலிருந்து புறப்பட்டு வழியில் கடலீரத்தை வாங்கிக்கொண்டு வரும். புழுக்கமும் தூசியும் தரும். க்ரிகால் குளிர்காலத்தின் முரடன். தூய பவுலின் கப்பலைக் கி.பி. 60 வாக்கில் இந்தக் கரையில் கொண்டுவந்து உடைத்தது வடகிழக்குப் புயல் என்பதே விவிலியக் கதை. 2019 பிப்ரவரியில் அடித்த க்ரிகால், மீன்பண்ணைக் கூண்டுகளை உடைத்து ஷெம்ஷீயா சாலையில் மீனை வாரியிறைத்தது. மக்கள் பை கொண்டுவந்து அள்ளிப்போனார்கள். ஆக, அதீராவுக்கு மிகப் பொருத்தமான காற்றும் தீவின் மிக ஆபத்தான காற்றும் ஒன்றே. 15, 20 நாட் வரை அது நண்பன்.

பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நல்ல காற்று குளிர்காலத்திலும் வசந்தத்திலும். அப்போது கடல்நீர் 15, 16 பாகை செல்சியஸ். உடலை மூடும் ரப்பர் உடை வேண்டும். ஆகஸ்டில் நீர் 26, 27 பாகை. காற்று மந்தம், கரையில் கால்வைக்க இடமில்லை, குளிப்பவர்களுக்கு மிதவை கட்டி எல்லை வகுத்துவிடுவார்கள். கோடையில் குளிக்கப் போகும் உள்ளூர்க் குடும்பம் காற்றைப் பார்த்துத்தான் கரையை முடிவு செய்யும்: மயிஸ்த்ரால் அடித்தால் தெற்கே, ஷ்லோக் அடித்தால் வடக்கே. காற்று மறைவில் கடல் தெளிவாக இருக்கும். ஊதா நிறத்தில் கொட்டும் சொறிமீன் கூட்டமும் அந்தப் பக்கம் ஒதுங்காது. பட்டக்காரர் அதற்கு நேரெதிராகக் காற்றுக்கு முகம் கொடுக்கும் கரைக்குப் போகிறார். சொறிமீனும் அங்கேதான் வரும். குளிப்பவருக்கும் பட்டக்காரருக்கும் இடத்தகராறு நியாயப்படி வரவே கூடாது. வருவது அதீராவில் மட்டும்தான், மணல் அங்கே மட்டும் ஏராளம் என்பதால்.

ஓதம் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று கையேடுகள் எழுதுகின்றன. ஏற்ற இறக்கம் 20 சென்டிமீட்டர் அளவுதான் என்பது சரி. ஆனால் வடகரை விரிகுடாக்களில் மில்கூபா என்று ஒன்று உண்டு. வானிலை அழுத்தம் திடீரென மாறும்போது விரிகுடாத் தண்ணீர் தொட்டித் தண்ணீர் அலம்புவதைப் போல இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். சில நேரம் ஒரு மீட்டர் வரை. இடுப்பளவு என்று நம்பிய இடத்தில் முழங்கால் அளவுகூட இராது. கரையில் கோரைப்பாய்போல் குவிந்துகிடக்கும் பொசிடோனியா கடற்புல்லைக் குப்பை என்று நினைப்பவர்கள் உண்டு. அது அலையிலிருந்து மணலைக் காக்கிறது. பட்டத்தை அதன்மேல் வைத்தால் கிழியாது என்பது கூடுதல் லாபம், வழுக்கும் என்பது நஷ்டம். அதீராவின் முதுகுப்புறத்தில் பறவைகளுக்கான ஈரநிலக் காப்பகம் இருக்கிறது. தாழப் பறக்கும் பெரிய நிழலைப் பறவைகள் வேட்டைப் பறவையாகவே எடுத்துக்கொள்ளும். பட்டத்தைக் கடல்பக்கமே வைத்துக்கொள்வது முறை.

மற்றத் தீவுகளோடு ஒப்பிட்டால் மால்டாவின் தனித்தன்மை தெளிவாகும். கிரேக்கத்தின் பாரோஸ் தீவும் பாறைதான். ஆனால் அங்கே கோடை முழுக்க மெல்தெமி என்ற ஒரே வடகாற்று. பாரோசுக்கும் அந்திபாரோசுக்கும் இடையிலுள்ள நீரிணையில் பூந்தா என்ற ஒரே இடத்தைத் தெரிந்துகொண்டால் விடுமுறை கழிந்துவிடும். ரோட்ரிக்ஸ் எரிமலைத் தீவு. அதைச் சுற்றித் தீவைவிடப் பெரிய காயல், காயலைச் சுற்றிப் பவளப்பாறை வேலி. தப்பு செய்தவரை வேலிக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். ராமேஸ்வரத்தில் வடகிழக்குப் பருவத்துக்கு ஒரு கரை, தென்மேற்குக் காற்றுக்கு மறுகரை; இரண்டும் ஆழமில்லாத மணல். கல்பிட்டியின் காயலும் அப்படியே. அங்கெல்லாம் களம் தேர்வது சௌகரியம் பற்றிய விஷயம். மால்டாவில் காற்று எட்டு, மணல் சில இடம், மீதி கல். அப்படிப்பட்ட இடங்களில் பழகியவர் மால்டாவுக்கு வரும்போது தன் திறமையை ஒரு படி குறைத்து மதிப்பிட்டுக்கொள்வது உத்தமம். தவறிக் கடலுக்குள் போனால் தேடி மீட்பதும் எளிதல்ல. மால்டாவின் பொறுப்பிலுள்ள கடல்மீட்பு எல்லை சுமார் 2,50,000 சதுர கிலோமீட்டர். அந்நாட்டு ராணுவத்தின் கடற்பிரிவு அதைக் கவனிக்கிறது. அதில் ஒரு பலகைக்காரரைத் தேடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

உள்ளூர்க்காரர்களைக் கேட்பது என்ற மூன்றாவது யோசனைதான் மூன்றிலும் சிறந்தது. அதிலும் ஒரு குறை: அவர்களுடைய அனுபவம் அவர்களுடைய கருவியோடு சேர்ந்தது. பிரான்சின் லெகெனூ சகோதரர்கள் காற்றடித்த பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை பெற்றார்கள். 1990களின் கடைசியில்தான் அது கடைக்கு வந்தது. ஆரம்பகாலப் பட்டங்களில் இழுப்பைக் குறைக்க வழி ஏறத்தாழ இல்லை. 2005ஐ ஒட்டி வந்த வடிவங்களில் கைப்பிடியைத் தள்ளினால் விசை தணியும். அந்தப் பழைய நாட்களில் ஆகாது என்று ஒதுக்கிய இடங்கள் சில இப்போது ஆகும்.

இப்போது நீர்க்கத்திப் பலகை வந்து கணக்கைக் குலைத்திருக்கிறது. பலகைக்கு அடியில் ஒரு தண்டு, அதன் முனையில் சிறகு. வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரைவிட்டு மேலே எழும். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் மார்செய் கடலில் நடந்தது இந்த வகைதான். 8, 10 நாட் காற்று போதும் என்பதால் மால்டாவின் மந்தமான கோடையும் திடீரென ஓட்டத்தக்கதாகிவிட்டது. ஆனால் தண்டு 80, 90 சென்டிமீட்டர் நீளம். அதீராவின் பெருமையான இடுப்பளவுத் தண்ணீர் அதற்குப் போதாது, குளிப்பவர்களைத் தாண்டி வெளியே போயாக வேண்டும். கயிறே இல்லாமல் கையில் பிடித்துக்கொள்ளும் சிறகுப் பாய் வந்தபிறகு முப்பது மீட்டர் வெற்றிடமும் தேவையில்லை. படகு இறக்கும் சிமெண்டுச் சரிவு ஒன்று இருந்தால் சலீனாவிலிருந்தும் புறப்படலாம், மர்சஸ்காலாவிலிருந்தும் புறப்படலாம். பஹர் இச்சாக்கின் ரம்பக் கல்லும் இவர்களுக்கு அவ்வளவு பொருட்டில்லை. புறப்படும் இடங்கள் இப்படிப் பெருகிக்கொண்டே போகின்றன. காற்று நின்றுபோனாலோ தண்டு முறிந்தாலோ கரையேறும் இடங்கள் மட்டும் டி ரெடின் காலத்தில் இருந்த அதே எண்ணிக்கைதான்.